இன்னும் ஒரு இழுப்பு

அவருடைய கழுத்து எப்போதும் வலப்பக்கம் கொஞ்சம் திரும்பியே இருக்கும். பிறவிக் குறை என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அது தொழில் கொடுத்தது. கண்டி டவுனில் அவருக்கு ஒரு கண்ணாடிக் கடை. ஜன்னல் கண்ணாடி, அலுமாரிக் கண்ணாடி, சலூன்காரர்கள் கேட்கும் ஆளுயர நிலைக்கண்ணாடி எல்லாவற்றையும் லொறியில் ஏற்றி மலைப்பாதைகளில் கொண்டுபோய்க் கொடுப்பார். இடப்பக்க ஆசனத்தில் உட்கார்ந்துகொண்டு, பின்னால் இருக்கும் சிறிய ஜன்னல் வழியாகச் சரக்கையே பார்த்துக்கொண்டு போவார். முன்னால் ரோட்டில் என்ன வருகிறது என்பது டிரைவரின் கவலை. இப்படியே வருடக்கணக்கில் போனதில் கழுத்து அந்தப் பக்கமே நின்றுவிட்டது. அவரோடு நேருக்கு நேர் நின்று பேசினால், நமக்குப் பின்னால் யாரோ வருவதைப் பார்க்கிறார் போலத் தோன்றும். பல தடவை நான் திரும்பிப் பார்த்து ஏமாந்திருக்கிறேன்.

ஊரே அவரை ஹாஜியார் என்றது. நானும் அப்படியேதான். பெயரை எழுதப் போவதில்லை. கண்டியில் அவருக்குச் சொந்தக்காரர் இல்லாத தெரு கிடையாது. அத்தனை பேருக்கும் பதில் சொல்ல எனக்கு இந்த வயதில் தெம்பில்லை.

நான் வீதிப் போக்குவரத்துக் கந்தோர் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நீளமான சரக்கு, அகலமான சரக்கு, பாலம் தாங்காத சரக்கு ஆகியவற்றுக்கு அனுமதி கொடுப்பதும், அதைவிட அதிகமாக மறுப்பதும் என் வேலை. மற்ற வியாபாரிகள் கையெழுத்து விழுந்ததும் மறைந்துவிடுவார்கள். இவர் மட்டும் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு, "இவ்வளவுதானா சேர்? இன்னும் ஏதாவது செய்ய ஈக்கா?" என்று கேட்பார். 'இருக்கா' என்பது அவர் பேச்சில் 'ஈக்கா'. விதிமுறை இன்னும் கொஞ்சம் கடுமையாக இருக்கக் கூடாதா என்று ஏங்கிய பொதுமகன் என்று நான் பார்த்தது அவர் ஒருவரைத்தான். அதனாலேயே எங்களுக்குள் பழக்கம் உண்டானது.

மஹய்யாவயில் என் வீட்டுப் புத்தக அலுமாரியில் ஒரு கண்ணாடி உடைந்தது. பெரிய கண்ணாடி இல்லை, ஒரு பத்திரிகையை விரித்த அளவு இருக்கும். புதியதைக் கொண்டு ஹாஜியார் லொறியில் வந்தார். எங்கள் ஒழுங்கைக்குள் லொறி நுழையாது என்பதால் தெருமுனையில் நிறுத்தி, கண்ணாடியைப் போர்வையில் சுற்றி, ஒரு வேலையாள் முன்னாலும் ஒருவர் பின்னாலும் பிடிக்க, தானும் பக்கவாட்டில் நடந்து வந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். என் வீட்டில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும்.

கண்ணாடியைப் பொருத்தி முடித்ததும், வெள்ளி மோதிரத்தால் அதன் நான்கு மூலையிலும் மெதுவாகத் தட்டினார். காதைக் கிட்டத்தில் வைத்துக் கேட்டார். "உயிர் ஈக்கி" என்றார். அது அவருடைய சான்றிதழ். கீறல் விழுந்த கண்ணாடி வேறுமாதிரிச் சத்தம் போடும். அதைச் செத்த சத்தம் என்பார். கண்ணுக்குத் தெரியாத கீறலும் காதுக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு, என் தேநீர்க் கோப்பையையும் தட்டிப் பார்த்துத்தான் குடித்தார்.

அவருக்குக் கட்டுகளில் நம்பிக்கை கிடையாது. தான் கட்டிய கட்டிலும் கிடையாது. கட்டிய கயிற்றைப் பத்து நிமிடம் கழித்து வந்து இழுத்துப் பார்ப்பார். சரியாக இருந்தாலும் சும்மா போகமாட்டார். "இன்னும் ஒரு இழுப்பு" என்று சொல்லி ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் போவார். குட்செட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், முன்பின் தெரியாத ஒருவர் த்ரீவீலரில் காஸ் சிலிண்டரை ஏற்றிக்கொண்டு போனபோது, இவர் குறுக்கே நின்று மறித்து, தன் சட்டைப்பையிலிருந்து கயிறெடுத்துக் கட்டிக் கொடுத்ததை நானே பார்த்தேன். சட்டைப்பையில் எப்போதும் ஒரு கயிற்றுச் சுருள் இருக்கும். சொந்தக்காரப் பெண்ணின் கல்யாணத்தில், மாப்பிள்ளைக் காரில் கட்டியிருந்த ரோஜா நிற ரிபனை அவிழ்த்து மூட்டை கட்டும் முடிச்சாகப் போட்டுவிட்டார். கல்யாணம் முடிந்த பிறகு அதை வெட்டித்தான் எடுத்தார்களாம்.

இதெல்லாம் சொல்லிச் சிரிக்கக்கூடிய விஷயங்கள். எனக்குச் சிரிப்பு நின்ற இடம் ஒன்று உண்டு. அவருக்கு ஒரே மகள், ருஸ்னா. அவள் சின்ன வயதில் ஸ்கூல் வேனில் போனபோது, கடையைத் திறக்கும் முன் இவர் மோட்டார் சைக்கிளில் அந்த வேனுக்குப் பின்னாலேயே போவார். வேனின் பின்கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டே போவார். பிள்ளை இறங்கி உள்ளே போனதும் திரும்பி வருவார். சில வாரங்களுக்கு என்று தொடங்கியது, அவள் பெரிய வகுப்புக்குப் போகும்வரை நடந்தது. ஒரு நாள் வேன்காரர் என்னிடம் வந்து, ஹாஜியார் தன்னைச் சந்தேகப்படுகிறாரா என்று கேட்டார். நான் சொன்னேன், உன்னை இல்லை, தாழ்ப்பாளைத்தான் என்று.

அப்படிப்பட்டவரின் மகள் பொறியியல் படிக்க வெளிநாடு போய், போன இடத்தில் கிளைடர் ஓட்டப் பழகிவிட்டு வந்தாள். கிளைடர் என்றால் என்ஜின் இல்லாத விமானம். ஒரு கம்பியால் இழுத்து மேலே விடுவார்கள். பிறகு காற்று விட்ட வழி. இதை அவள் வீட்டில் சொன்ன அன்று நானும் அங்கே இருந்தேன். அவளுடைய உம்மா அழத் தொடங்கிவிட்டார். ஹாஜியார் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அதுக்கு பெல்ட் ஈக்கா?"

"ஈக்கி வாப்பா. தோளுக்கு ரெண்டு, இடுப்புக்கு ரெண்டு, நடுவுல ஒண்டு. அஞ்சும் ஒரு இடத்துல வந்து பூட்டும்."

அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. காரில் ஒன்றுதானே, இதில் ஐந்து என்று என்னிடம் திரும்பிச் சொன்னார். மகள் ஆகாயத்தில் தொங்கப் போவது அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஐந்து இடத்தில் கட்டப்பட்டிருப்பாள், அது போதும்.

ருஸ்னாவும் அவளுடைய நண்பர்கள் சிலரும் சேர்ந்து, ஒருவர் மட்டும் உட்காரும் பழைய கிளைடர் ஒன்றை வெளிநாட்டிலிருந்து இறக்கினார்கள். அதற்கு எத்தனை கந்தோர் ஏறி இறங்க வேண்டியிருந்தது என்பதை நான் எழுதத் தொடங்கினால் இது வேறு புத்தகமாகிவிடும். என்ஜின் இல்லாத விமானத்துக்கு என்ஜின் இலக்கம் கேட்ட அதிகாரிக்கு நானே போய் விளக்கம் கொடுத்தேன். ஒருவழியாக எல்லாம் முடிந்து, அது வத்தேகமயில் ஹாஜியாரின் கண்ணாடி ஸ்டோருக்குள் வந்து நின்றது. கண்டியில் அதைப் பறக்கவிட இடம் கிடையாது. கிழக்குப் பக்கம், மலை இறங்கிச் சமவெளி தொடங்கிய பிறகு, ஒரு பழைய ஓடுபாதையில்தான் அனுமதி கிடைத்தது. அதுவும் மழை தொடங்குவதற்கு முன் ஒரு குறுகிய காலத்துக்கு. ஆகவே மலையிலிருந்து சமவெளிக்கு அதை ரோட்டில் கொண்டுபோக வேண்டும். மஹியங்கனைப் பாதை, அதாவது பதினெட்டு வளைவு. சாதாரண பஸ்ஸே மூச்சுப் பிடித்துக்கொண்டு இறங்கும் இடம்.

கிளைடரை முழுதாக இழுத்துக்கொண்டு போக முடியாது. இறக்கை இரண்டையும் கழற்றி, உடலை நடுவிலும் இறக்கைகளை இரு பக்கத்திலுமாக நீண்ட ட்ரெய்லர் ஒன்றில் ஏற்றி, மேலே தார்ப்பாய்ப் படங்கு போட்டு மூட வேண்டும். இறக்கையைப் படுக்க வைப்பதில்லை. தடித்த முன்விளிம்பு கீழேயும் கத்திவாய் போன்ற பின்விளிம்பு மேலேயுமாக, பஞ்சு வைத்த தொட்டிலில் நிமிர்த்தி நிறுத்துகிறார்கள். இதைப் பார்த்ததும் ஹாஜியாருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"பாருங்க சேர், நாங்க கண்ணாடி ஏத்துற மாதிரியே! படுக்க வெச்சா ஒடயும். நிக்க வெச்சா ஒடயாது."

அதன் தோல் கண்ணாடி நாரில் செய்தது என்று மகள் சொன்னபோது அவருடைய சந்தோஷத்துக்கு எல்லை இல்லாமல் போய்விட்டது. அன்றிலிருந்து அதைக் கொண்டுபோவது தன் பொறுப்பு என்று முடிவு செய்துவிட்டார். கண்டியில் என்னைவிட்டால் வேறு யார் என்றார். எனக்கும் அதுவே சரியாகப் பட்டது.

ருஸ்னா ஒரு நாள் முன்னதாக ஓடுபாதைக்குப் போக வேண்டியிருந்தது. போகுமுன் ஸ்டோரில் எங்களை நிற்க வைத்து எல்லாவற்றையும் காட்டினாள். எங்களை என்றால் ஹாஜியார், நான், டிரைவர் செல்வம். செல்வம் வத்தேகமக்காரர், அரைவாசி வாழ்க்கையை லொறியிலும் மீதியை ஹாஜியாரிடம் பேச்சு வாங்குவதிலும் கழித்தவர். இறக்கையின் மேல் ஒட்டும் முனைகள் உள்ள அகலமான துணிப் பட்டி ஒன்றைப் போட்டு, கையால் இழுத்து ஒட்டினாள்.

"இவ்வளவுதான் வாப்பா. ரோட்டுல ரெக்கை கொஞ்சம் ஆடும். ஆடட்டும். அது ஆடத்தான் செஞ்சிருக்கு. இதுக்கு மேல இறுக்க வேணாம்."

இதை மூன்று தடவை சொன்னாள். ஹாஜியார் மூன்று தடவையும் தலையாட்டினார். அவருடைய கழுத்து இருக்கும் நிலையில், அது யாருக்கு ஆட்டிய தலை என்று சொல்வது கஷ்டம்.

அதிகாலை சுபஹ் தொழுகை முடிந்து புறப்பட்டோம். டபுள் கெப் வண்டி, பின்னால் ட்ரெய்லர். செல்வம் ஓட்ட, ஹாஜியார் இடப்பக்கம் உட்கார்ந்து உடம்பைத் திருப்பிக்கொண்டார். பின்ஆசனத்தில் நான். ஆகவே வழி முழுக்க அவருடைய முகம் எனக்கு நேரே இருந்தது, பார்வை மட்டும் என் தலையைத் தாண்டி ட்ரெய்லரில். பயப்படும் ஒருவருக்கு எதிரே அத்தனை மணிநேரம் உட்கார்ந்திருப்பது எப்படி என்று கந்தோரில் எனக்கு யாரும் பயிற்சி தந்ததில்லை. அவருடைய கண் விரியும்போதெல்லாம், பின்னால் ஏதோ நடந்துவிட்டது என்று திரும்பிப் பார்ப்பேன். ஒன்றும் நடந்திருக்காது.

நீளமான சரக்குக்கு உண்டான முறைகளை நான் பார்த்துக்கொண்டேன். வாலில் சிவப்புத் துணி, விளக்குகள், பத்திரங்கள் அடங்கிய உறை. தெல்தெனியவுக்குக் கிட்ட பொலிஸார் நிறுத்தி, உள்ளே என்ன என்று கேட்டார்கள். விமானம் என்றேன். அந்த அதிகாரி படங்கை ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார், என் வயதை மனதில் கணக்கிட்டார் போலிருக்கிறது. உறையைக் காட்டியதும் சிரித்துக்கொண்டே போகச் சொன்னார். இந்த இடைவெளியில் ஹாஜியார் இறங்கிப் படங்குக்குள் தலையை விட்டிருந்தார். வெளியே வந்தபோது முகம் சரியில்லை.

"சேர், ரெக்கை ஆடுது. மூச்சு வாங்குற மாதிரி மேலயும் கீழயும் போகுது."

ஆடும் என்றுதானே மகள் சொன்னாள் என்று நினைவூட்டினேன்.

"சொன்னா. அவ சின்னப் புள்ள. ஆடுற சாமான்தான் ஒடயும். எத்தன வருஷமா பார்த்துக்கிட்டு ஈக்கேன்."

கெப்பின் பெட்டியைத் திறந்து, பெரிய கண்ணாடிகளுக்குப் போடும் ரெச்சட் பெல்ட்களை எடுத்தார். பிடியை ஆட்ட ஆட்டப் பல் பல்லாக இறுகும் பட்டி அது. இறக்கையின் மேல் ஸ்பொஞ்சு வைத்து, அதன் மேல் பெல்ட்டைப் போட்டு, இறுக்கினார். டிக், டிக் என்று சத்தம் கேட்டது. கையை வைத்து அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. நெஞ்சைத் தடவிக்கொண்டு ஏறினார்.

அதற்குப் பிறகு அவருக்கு மகளின் குரலைவிட அந்த டிக் சத்தம் இனிமையாகிவிட்டது. சற்றுத் தூரம் போனதும் நிறுத்தச் சொல்வார். இறங்கிப் போய்ப் பார்ப்பார். எல்லாம் சரியாக இருக்கும். "இன்னும் ஒரு இழுப்பு" என்பார். டிக். ஏறுவார். மறுபடி நிறுத்தச் சொல்வார். பின்னால் வந்த பஸ்கள் ஹோன் அடித்தன. ஒரு பஸ் கண்டக்டர் தலையை வெளியே நீட்டிச் சிங்களத்தில் சொன்னதை நான் எழுத முடியாது.

செல்வத்துக்குப் பொறுமை போய்விட்டது. "மொதலாளி, நாங்க போறோமா, நிக்கிறோமா? இப்பிடியே போனா புள்ள அங்க கெழவியாயிரும்."

"நீ ரோட்டப் பாரு. சாமான நான் பார்க்குறேன்."

ஹுன்னஸ்கிரியவில் பிளேன்டீ குடிக்க நிறுத்தினோம். மூடுபனி ரோட்டுக்கு இறங்கியிருந்தது. செல்வம் தேநீர்க்கடைக்காரரிடம், எங்கள் முதலாளி விமானத்தை மஹியங்கனைவரை நடத்தியே கூட்டிக்கொண்டு போகிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் ஹாஜியார் வெளியிலிருந்து கூப்பிட்டார். ட்ரெய்லரின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். சக்கர நட் ஒன்று கையோடு கழன்று வந்திருந்தது. பக்கத்து நட்டும் தளர்ந்திருந்தது. இன்னும் கொஞ்சம் போனால் முதல் வளைவு.

செல்வம் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் போய் ஸ்பேனரை எடுத்தார். நட்டுகளை இறுக்கி முடித்த பிறகு, ஹாஜியாரைப் பார்க்காமலே, "மொதலாளி, நிப்பாட்டச் சொன்னா நிப்பாட்டுறேன்" என்றார்.

அதோடு எங்களுடைய கேள்விகள் முடிந்தன. அவர் செய்வதெல்லாம் சரி என்று நாங்கள் இருவரும் ஏற்றுக்கொண்டோம். சக்கரத்தில் சரியாக இருந்த மனிதர் இறக்கையிலும் சரியாகத்தான் இருப்பார் என்று யாருக்கும் தோன்றும்.

பதினெட்டு வளைவையும் அவர் நடந்தே இறங்கினார். ஒவ்வொரு வளைவிலும் ட்ரெய்லரின் வால் உள்பக்கம் வெட்டிக்கொண்டு வரும். மலைச்சுவருக்கும் படங்குக்கும் இடையில் கை நுழையும் இடம்தான் இருக்கும். அந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்தார். நான் முன்னால் சிவப்புத் துணியோடு போய் மேலே வரும் வாகனங்களை நிறுத்தினேன். ஓய்வுபெற்ற பிறகு எனக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு. வளைவு முடியும் இடங்களில் செல்வம் தானாகவே நிறுத்துவார். ஹாஜியார் படங்கைத் தூக்குவார். டிக். ஒவ்வொரு தடவையும் எனக்கும் அந்தச் சத்தம் ஆறுதலாக இருந்தது.

பொழுது சாயும் முன் ஓடுபாதைக்குப் போய்ச் சேர்ந்தோம். ருஸ்னாவும் நண்பர்களும் ஓடி வந்தார்கள். மறுநாள் காலை முதல் பறப்பு. அவள்தான் ஓட்டப் போகிறாள். படங்கை அவிழ்த்தார்கள். ஒரு கீறல் வெளியே தெரியவில்லை. யாரோ கை தட்டினார்கள். செல்வம் தானே அதைச் செய்தது போல நின்றார். ஹாஜியார் தன் பெல்ட்களை அவசரமாகக் கழற்றிச் சுருட்டினார். பிறகு, கடையில் செய்வது போல, மோதிர விரலை மடக்கி இறக்கையைத் தட்டிக்கொண்டே போனார். நான் பக்கத்தில் இருந்தேன். டக், டக், டக் என்று ஒரே மாதிரிச் சத்தம். இறக்கையின் நடுவில், அவருடைய பெல்ட் இருந்த இடத்தில், சத்தம் மாறியது. ஈரத்துணியைத் தட்டினாற்போல இருந்தது.

அவர் மறுபடி தட்டினார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மறுபடி அதே இடம்.

அங்கே வேறு யாரும் கேட்கவில்லை. மற்றவர்கள் ட்ரெய்லரின் மறுபக்கம் நின்று உடலை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ருஸ்னா சிரித்துக்கொண்டே யாரிடமோ எதையோ பிடிக்கச் சொன்னாள். ஹாஜியார் என்னைப் பார்த்தார். அவர் என்னை நேராகப் பார்த்தது எனக்குத் தெரிந்து அப்போதுதான். கழுத்தை அப்படித் திருப்ப அவருக்கு வலித்திருக்க வேண்டும்.

"செத்த சத்தம்" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

எத்தனையோ மாதம் கந்தோர் கந்தோராக அலைந்து வாங்கிய அனுமதி, மழைக்கு முன் மிச்சமிருக்கும் சில நாட்கள், அத்தனை பேரின் முகம் எல்லாம் என் கண்ணில் வந்து போயின. அவருடைய கண்ணிலும் வந்திருக்கும். நான் ஏதாவது சொல்வதற்குள் அவர் நடந்துவிட்டார். எல்லோரும் நிற்கும் இடத்துக்குப் போய், அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்.

"மகள், நாளைக்கி பறக்க வேணாம். ரெக்கைய நான் ஒடச்சிட்டேன்."

அவள் ஒரு நாணயத்தை எடுத்து வந்து அந்த இடத்தைத் தட்டிப் பார்த்தாள். முகம் மாறியது. கண்ணாடி நார்த் தோலுக்கு உள்ளே மெல்லிய பஞ்சு போன்ற ஒன்று இருக்கிறது. இறுக்கத்தில் அது நசுங்கித் தோல் தனியாகப் பிரிந்துவிட்டது. வெளியே பார்த்தால் எதுவுமே தெரியாது. ஆகாயத்தில்தான் தெரியும். கீழே கிடந்த ரெச்சட் பெல்ட்டை அவள் பார்த்தாள்.

"எத்தன தரம் இறுக்கினீங்க வாப்பா?"

"நிப்பாட்டின ஒவ்வொரு தரமும்."

ஹாஜியார் மாலை அஸர் தொழப் போனார். அன்று வழக்கத்தைவிட வெகுநேரம் தலை தரையில் இருந்தது.

அந்தப் பருவம் அப்படியே போயிற்று. கிளைடர் வத்தேகமவுக்குத் திரும்பியது. மழைக்காலம் முழுக்க ருஸ்னா லீவு நாட்களில் ஸ்டோரில் இருந்து அந்த இடத்தை வெட்டியெடுத்து, பசையும் நார்த்துணியும் வைத்துத் திருத்தினாள். பரிசோதிக்க அனுமதி உள்ள ஒருவர் வந்து பார்த்துச் சரி சொன்னார். ஹாஜியார் ஸ்டோரின் மூலையில் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார். எதையும் தொடமாட்டார். அவள் நாணயத்தால் தட்டத் தொடங்கினால் எழுந்து வெளியே போய்விடுவார். சட்டைப்பையில் கயிற்றுச் சுருள் இல்லாமல் அவரை நான் அந்த மாதங்களில்தான் பார்த்தேன். கடையிலும் கட்டுகிற வேலையை ஆட்களிடமே விட்டுவிட்டார் என்று செல்வம் கவலையோடு சொன்னார். முதலாளி ஏசுவதே இல்லை, உடம்புக்கு ஏதோ என்றார்.

அடுத்த பருவத்தில் மறுபடி அதே பாதை. இந்தத் தடவை ருஸ்னாவும் எங்களோடு வண்டியில் வந்தாள். துணிப் பட்டிகளை அவளே கையால் இழுத்து ஒட்டினாள். சக்கர நட்டுகளைப் பார்க்கும்படி வாப்பாவிடம் சொன்னாள். அவர் பார்த்தார், பிறகு செல்வத்தையும் ஒரு முறை பார்க்கச் சொன்னார். முன்ஆசனத்தில் உட்கார்ந்து ரோட்டைப் பார்க்க முயன்றார். கழுத்து ஒத்துழைக்கவில்லை, கண்ணை மட்டும் ஒருபக்கமாகத் தள்ளி முன்னால் பார்த்தார். கைகளை முழங்கால்களுக்கு இடையில் வைத்துக்கொண்டார்.

வளைவுகளில் இறங்கத் தொடங்கியதும், பின்னால் ஒரு பட்டி படபடவென்று அடிக்கும் சத்தம் கேட்டது. கையால் கட்டிய கட்டு அப்படித்தான் பேசும் போலிருக்கிறது. எனக்கே திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ருஸ்னா எதுவும் சொல்லாமல் வாப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செல்வம் பழக்கத்தில் வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டினார்.

"நிப்பாட்டாத" என்றார் ஹாஜியார். "போ."

பதினெட்டும் முடிந்து, அடிவாரத்தில் இறங்கியபோது அவருடைய சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

மறுநாள் காலை கிளைடருக்கு இறக்கைகளைப் பூட்டி ஓடுபாதையில் நிறுத்தினார்கள். ருஸ்னா இறக்கை முழுவதையும் தட்டிப் பார்த்தாள். பிறகு ஓட்டுபவர் உட்காரும் சின்னக் குழிக்குள் ஏறி, அரைவாசி படுத்தாற்போல உட்கார்ந்தாள். நண்பர்கள் உதவிக்கு வந்தபோது விலகச் சொல்லிவிட்டு வாப்பாவைக் கூப்பிட்டாள். பெல்ட்டை இறுக்கிவிடச் சொன்னாள்.

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "நான் வேணாம் மகள். தெரிஞ்ச ஆக்கள் செய்யட்டும்."

"இது ரெக்கை இல்ல வாப்பா, நான். இது இறுக்கமாத்தான் ஈக்கணும்."

அவர் குனிந்து தோள் பட்டியைப் பிடித்து மெதுவாக இழுத்தார், புதுக் கண்ணாடிக்குப் போர்வை போர்த்துவது போல. "இன்னும்" என்றாள். கொஞ்சம் இழுத்தார். "இன்னும் வாப்பா." அவளுக்கு மூச்சு ஒரு கணம் நிற்கும்வரை இழுத்தார். போதும் என்று சிரித்தாள். மேலே கண்ணாடி மூடியைப் போட்டுப் பூட்டினார்கள். அவருடைய மோதிர விரல் அதைத் தட்டுவதற்கு உயர்ந்தது; தட்டாமல் கீழே வந்தது.

ஓடுபாதையின் மறுகோடியில் ஒரு இயந்திரம் கம்பியைச் சுருட்டத் தொடங்கியது. கிளைடர் சற்றே உருண்டது, பிறகு காற்றாடி போல மூக்கை நிமிர்த்திக்கொண்டு ஏறியது. ஹாஜியாரின் பார்வை கிளைடரில் இல்லை, கம்பியில் இருந்தது. மகளைப் பூமியோடு சேர்த்துப் பிடித்திருந்த ஒரே கட்டு அது. உச்சிக்குப் போனதும் அந்தக் கம்பி அவிழ்ந்து, நெளிந்து நெளிந்து கீழே விழுந்தது.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். இப்படி நடக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

"சேர், அவுந்துட்டுது."

"அவுழத்தான் வேணும் ஹாஜியார். அவுந்தாத்தான் பறக்கும்" என்றேன். எனக்கும் அது முதல்நாள்தான் தெரியும்.

கிளைடர் சத்தமில்லாமல் வலப்பக்கமாகச் சாய்ந்து வட்டமிடத் தொடங்கியது. அண்ணாந்து பார்த்த எங்கள் எல்லோருக்கும் கழுத்து வலித்தது. அவருக்கு மட்டும் வலித்திருக்காது. ஆனால் அவருடைய விரல்கள் என் மணிக்கட்டில் இறுகிக்கொண்டே போயின. கை விறைத்துவிட்டது. கொஞ்சம் தளர்த்துங்கள் என்று மெதுவாகச் சொன்னேன்.

அவர் மேலே பார்த்தபடியே, இன்னும் ஒரு இழுப்பு இழுத்தார்.